மலைக்குளத்துத் தவளைக்குள் பிளாஸ்டிக் இழை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் வாழும் தவளைகளின் உடலில் நுண்நெகிழி கண்டறியப்பட்டதைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளையும் இழைகளையும்தான் நுண்நெகிழி என்கிறோம். அதையொட்டி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கு இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஊரும் ஆலையும் சாலையும் இல்லாத மலையுச்சிக் குளத்துக்குப் பிளாஸ்டிக் எப்படிப் போய்ச் சேர்கிறது? மலையேறுபவர்கள் வீசிவிட்டுப் போகும் குப்பைதானே காரணம்? (கோத்தகிரி வாசகர்)

பதில்: குப்பைக்கும் பங்கு உண்டு. உயரமான இடங்களில் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையாக இருப்பதால், அங்கே கிடக்கும் பாட்டிலும் உறையும் நாளடைவில் நொறுங்கித் தூளாகி, மழைநீரோடு ஓடையில் இறங்குகின்றன. ஆனால் யாரும் குப்பை போடாத இடங்களிலும் நுண்நெகிழி இருக்கிறதே, அதற்கு இந்த விடை போதாது. அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை காற்றும் மழையும் பனியும்.

பிரான்சின் பிரனீஸ் மலையில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு வானிலை நிலையத்தில், 2017-18 குளிர்காலத்தின் ஐந்து மாதங்கள் வானிலிருந்து விழுவதையெல்லாம் கலங்களில் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 365 நுண்நெகிழித் துகள்கள் விழுந்திருந்தன. ஒரு பாயை விரித்து வைத்தால் அதன்மேல் ஒரே நாளில் அதைவிடக் கூடுதலாகவே விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, 95 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் அவை வந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. அதே மலைத்தொடரில் 2,877 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிக் து மிதி ஆய்வுக்கூடத்தில் காற்றை உறிஞ்சிச் சோதித்த இன்னொரு குழு, அவ்வளவு உயரத்தில் மிதக்கும் துகள்கள் கடலையும் கண்டத்தையும் தாண்டிப் பயணப்படக்கூடியவை என்று 2021-இல் எழுதியது. எவரெஸ்ட்டில் 8,440 மீட்டர் உயரத்துப் பனியிலும் நுண்நெகிழி இருப்பது 2020-இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. அதில் மிகுதியாக இருந்தது நம் சட்டைகளிலும் குளிராடைகளிலும் உள்ள பாலியெஸ்டர் இழை.

தவளையின் பக்கம் நின்று பார்த்தால், பனியைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பனி விழும்போது காற்றில் உள்ள தூசியை வாரிக்கொண்டு விழுகிறது. மாதக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தப் பனி, கோடை தொடங்கும்போது சில வாரங்களுக்குள் உருகிக் குளத்தில் இறங்கிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையின் சாதாரணப் பழுப்புத் தவளை முட்டையிடுவதும் அதே வாரங்களில்தான். குளத்தின் ஒரு பாதியில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும்போதே மறு பாதியில் அதன் முட்டைத் திரளைப் பார்க்கலாம். ஒரு குளிர்காலம் முழுவதும் பனி சேர்த்து வைத்த அழுக்கு, முட்டையும் குஞ்சும் இருக்கும் வேளையில் தண்ணீருக்கு வந்து சேர்கிறது. சென்ற இதழில் குறிப்பிட்ட, 2022-இல் வெளியான ஆய்வு இந்தத் தவளையைப் பற்றியதே. வடமேற்கு இத்தாலியில், கோட்டியன் ஆல்ப்ஸ் எனப்படும் மலைப்பகுதிக் குளம் ஒன்றில் பிடித்த தவளைகளின் உடலில் ஆய்வாளர்கள் நுண்நெகிழியைக் கண்டார்கள்.

கேள்வி: தலைப்பிரட்டை பாசி தின்னும் உயிர். அது பிளாஸ்டிக்கை உணவென்று தவறாக நினைத்துத் தின்கிறதா? (தேனியிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: அது தேர்ந்தெடுத்துத் தின்னும் உயிரல்ல, வழித்துத் தின்னும் உயிர். கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்பிரட்டையின் வாயை, வெளிப்புறத்திலிருந்து கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். கிளி மூக்குப் போன்ற கறுத்த ஒரு சிறு அலகும், அதற்கு மேலும் கீழும் சீப்பின் பற்களைப் போல வரிசை வரிசையாக நுண்ணிய பற்களும் தெரியும். உதடு விரியும், பல்வரிசை கண்ணாடியில் பதியும், ஒரு இழுப்பு. பச்சைப் படலத்தில் மெல்லிய கோடு விழும். நொடிக்குள் அடுத்த இழுப்பு. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் இதே வேலைதான்.

குளத்தில் கல்லின் மேலும் இலைச் சருகின் மேலும் படிந்திருக்கும் அந்த வழவழப்பான பாசிப்படலம் ஒரு பசை போன்றது. நீரில் மிதந்து வரும் இழையும் துகளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பாசியை வழிக்கும் வாய் அவற்றையும் சேர்த்தே வழிக்கிறது. இது போதாதென்று, நீரை வாய்வழியே இழுத்துச் செவுள்வழியே விடும்போது, அதில் மிதக்கும் நுண்பொருள்களையும் பல தலைப்பிரட்டைகள் வடிகட்டி உண்கின்றன. 2016-இல் வெளியான ஆய்வக ஆய்வொன்றில், ஆப்பிரிக்க நகத்தவளை வகையொன்றின் தலைப்பிரட்டைகளை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நுண்ணிய மணிகள் கலந்த நீரில் விட்டபோது, ஒரு மணி நேரத்துக்குள் மணிகள் குடலுக்குப் போய்விட்டன. தூய நீருக்கு மாற்றியதும் கழிவோடு வெளியேறத் தொடங்கின.

வெளியேறிவிடுகிறதே என்று ஆறுதல் கொள்ளும் முன், மலைக்கே உரிய ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமவெளிக் குட்டையில் சில வாரங்களிலேயே கால் முளைத்துக் கரையேறிவிடும் தலைப்பிரட்டைகள் உண்டு. மலைக்குளத்தின் குளிர்ந்த நீரில் வளர்ச்சி மந்தம். மருத்துவச்சித் தேரை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு தேரை ஐரோப்பாவில் இருக்கிறது. ஆண் தேரை முட்டைச் சரத்தைத் தன் பின்கால்களில் சுற்றிக்கொண்டு, பொரியும் பருவம் வரும்வரை சுமந்து திரிந்து, பிறகே நீரில் இறக்கிவிடும். அதனால் வந்த பெயர் அது. பிரனீஸின் உயரமான ஏரிகளில் இதன் தலைப்பிரட்டை ஒரு கோடையில் முதிர்வதில்லை. பனிக்கட்டி மூடிய ஏரிக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து, சில வேளைகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் தலைப்பிரட்டையாகவே வாழ்கிறது. அத்தனை காலமும் அதே பாசிப்படலத்தை வழித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே போனது வெளியே வந்தாலும், அடுத்த வாய்க்கு மீண்டும் உள்ளே போகிறது. மலைத் தலைப்பிரட்டைகளைப் பற்றி எனக்குள்ள முதல் அச்சம் இந்த நீண்ட காலத்தைப் பற்றியதுதான்.

கேள்வி: உடலுக்குள் போனால் என்ன கெடுதல்? செத்துவிடுமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: இதில் பரபரப்பான தலைப்புகளை நம்பாமல் நிதானமாகப் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன மருத்துவச்சித் தேரையின் தலைப்பிரட்டைகளை வைத்து ஸ்பெயின் ஆய்வாளர்கள் செய்த சோதனை 2020-இல் வெளியானது. ஒரு மில்லிலிட்டர் நீரில் 18, 180, 1,800 என மூன்று அளவுகளில் நுண்மணிகளைக் கலந்தார்கள். மிக உயர்ந்த அளவில் தலைப்பிரட்டைகள் இறந்தன. உடல் தேறுவதும் பாதிக்கப்பட்டது. அவை உண்ணும் பாசிப்படலமும் பாதிக்கப்பட்டதை இந்தச் சோதனை காட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உணவு குறைவதும் ஒரு தீங்குதான். பிரேசிலின் ஒரு தவளை வகையில் பாலித்தீன் துகள்கள் ஈரலில் மாற்றங்களை உண்டாக்கியதாக வேறொரு குழு அதே ஆண்டு எழுதியது. மாறாக, நகத்தவளைத் தலைப்பிரட்டைகளை வைத்து 2018-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், குடல் நிறைய மணிகள் இருந்தும் வளர்ச்சியோ நீந்தும் திறனோ குறையவில்லை. ஆகவே இனத்துக்கு இனமும், பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக்கும் விளைவு வேறுபடுகிறது.

அளவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1,800 என்றால் லிட்டருக்கு 18 லட்சம். எவரெஸ்ட் பனியை உருக்கி எண்ணியபோது லிட்டருக்குச் சராசரியாகக் கிடைத்தது 30 துகள். ஆனால் இந்த இரண்டு எண்களையும் அப்படியே தராசில் வைக்கவும் முடியாது. களத்தில் எண்ணும் முறைகளின் கண்ணுக்கு மிகச் சிறிய துகள்கள் தப்பிவிடுகின்றன. ஆய்வகத்தில் இட்டவையோ 10 மைக்ரோமீட்டர் மணிகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. மேலும் ஆய்வக மணி உருண்டையாக, வழவழப்பாக, புத்தம் புதிதாக இருக்கும். மலையில் விழுவது சாயமும் சேர்க்கைப் பொருளும் ஏறிய நூலும், வெயிலில் விரிசல் விட்ட சில்லுமாக இருக்கும். நூல் குடலில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். உருண்டை அப்படிச் சிக்குவதில்லை.

கேள்வி: உலகெங்கும் தவளைகள் அழிந்துவருவதற்கு நுண்நெகிழிதான் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: உண்மையில்லை, அப்படிச் சொல்வது தவளைகளுக்கும் உதவாது. 8,011 இருவாழ்வி இனங்களை மதிப்பிட்டு 2023-இல் வெளியான உலகளாவிய கணக்கின்படி, அவற்றில் 40.7 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. வாழிடம் பறிபோவதும், பருவநிலை மாறுவதும், கைட்ரிட் என்னும் தோல் பூஞ்சையுமே முதன்மைக் காரணங்கள். அந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 இனங்கள் எண்ணிக்கையில் சரிந்திருக்கின்றன என்றும், அவற்றில் 90 அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019-இல் கணக்கிட்டார்கள். ஐரோப்பாவில் அதன் கொடுமை முதலில் தெரிந்த இடமும் ஒரு மலைதான்: மாட்ரிட் நகருக்கு வடக்கே உள்ள பெஞலாரா மலைக்குளங்களில், 1997-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மருத்துவச்சித் தேரைகள் கூட்டம் கூட்டமாக மாண்டன.

நுண்நெகிழி இந்தக் கதைக்குள் நுழையும் வழி வேறு. கைட்ரிட் பூஞ்சை கெரட்டின் என்னும் புரதத்தைத் தேடிப் பிடிக்கிறது. வளர்ந்த தேரைக்கு அது தோல் முழுவதும் உண்டு. தலைப்பிரட்டைக்கோ வாயின் அலகிலும் பல்வரிசையிலும் மட்டுமே உண்டு. ஆகவே பூஞ்சை வாயில் குடியிருக்கும், தலைப்பிரட்டை சாகாது. அது உருமாறி உடலெல்லாம் புதுத்தோல் வரும்போதுதான், பூஞ்சையும் உடலெங்கும் பரவிக் கொல்கிறது. பல ஆண்டுகள் நீரிலேயே தங்கும் மருத்துவச்சித் தேரையின் தலைப்பிரட்டைகள் அந்தப் பூஞ்சையைக் குளத்தில் ஆண்டுக்கு ஆண்டு உயிரோடு வைத்திருக்கின்றன. இப்போது முந்தைய பதிலோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். நீண்ட தலைப்பிரட்டைப் பருவம் என்ற ஒரே இயல்பு, பூஞ்சைக்கும் பிளாஸ்டிக்குக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டும் நுழைவது அதே வாய்வழியே. நுண்நெகிழிக்கு ஆளான மருத்துவச்சித் தேரைத் தலைப்பிரட்டைகளை இந்தப் பூஞ்சை எளிதில் தொற்றுகிறது என்று 2021-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டியபோது, எனக்கு அது மற்ற எல்லா ஆய்வுகளையும்விடக் கனமாகப் பட்டது. பிளாஸ்டிக் தனியாக வந்து கொல்லவில்லை. ஏற்கெனவே நோயில் கிடப்பதன் முதுகில் அது இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

கேள்வி: வளர்ந்த தவளை தோலால் நீர் குடிக்கும் என்பார்கள். தோல்வழியே பிளாஸ்டிக் உள்ளே போகுமா? (திருநெல்வேலி மாணவர்)

பதில்: தோலால் குடிப்பது உண்மை. ஆனால் மில்லிமீட்டர் நீள இழை தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. வளர்ந்த தவளைக்குப் பிளாஸ்டிக் வருவது பெரும்பாலும் இரையோடுதான். கொசுப்புழுக்களுக்கு ஒளிரும் நுண்மணிகளைக் கொடுத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், புழு கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறந்த பிறகும் அதன் உடலில் மணிகள் இருந்தன. 2018-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நீரில் விழுந்த பிளாஸ்டிக் ஒரு பூச்சியின் உடலேறி மீண்டும் நிலத்துக்கு வர முடியும். அந்தக் கொசுவை நாக்கு நீட்டிப் பிடிப்பது கரையில் உட்கார்ந்திருக்கும் தவளை.

கேள்வி: எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளுக்கும் இதே கதிதானா? (வால்பாறை வாசகர்)

பதில்: ஆல்ப்ஸ் கதையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. நம் மலையில் பனி உருகும் பருவம் இல்லை. இங்கே காற்றைக் கழுவி இறக்குவது பருவமழை. தவளைகளின் வாழ்முறையும் வேறு.

உங்கள் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் இரவெல்லாம் டிக் டிக் என்று ஒலியெழுப்பும் புதர்த்தவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர இலையிலும் பாசியிலும் இட்ட முட்டைக்குள்ளேயே உருமாற்றம் முழுவதும் நடந்து, கடுகளவுத் தவளையாக வெளியே வருகின்றன. பாசி வழித்துத் தின்னும் வழி அவற்றுக்கு அடைபட்டிருக்கிறது. பூச்சிவழி மட்டுமே திறந்திருக்கிறது.

நேர்மாறாக, ஓடையில் வாழும் தலைப்பிரட்டைகளைப் பற்றி நான் உண்மையிலேயே கவலைப்படுகிறேன். 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத்தவளை வளர்ந்தபின் மண்ணுக்குள் கறையான் தின்று வாழ்வது. அதன் தலைப்பிரட்டையோ மழைக்கால வெள்ளத்தில் உறிஞ்சுவாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, சுமார் 100 நாள் அந்தப் பாறையின் படலத்தையே தின்று வளர்கிறது. ஓடைக் கற்களின் மேல் நின்று காலை நீட்டி அசைக்கும் நடனத்தவளைகளின் தலைப்பிரட்டை எப்படியிருக்கும் என்பதே 2016 வரை அறியப்படாமல் இருந்தது. பிறகுதான், அவை ஓடையடி மணலுக்கும் சரளைக்கும் உள்ளே புதைந்து வாழ்கின்றன என்பது தெரிந்தது. அவற்றின் குடலில் மணலே இருந்தது. மலை ஓடையில் கனமான பிளாஸ்டிக் துகள் வந்து படியும் இடமும் அந்த மணல்தான். சுற்றுலா ஊர்களுக்குக் கீழே பாயும் ஓடைகளில் முதலில் சோதிக்கப்பட வேண்டியவை இந்த மணல்வாழ் தலைப்பிரட்டைகளே என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நீலகிரியில் தண்ணீர் பாட்டில் தடை இருக்கிறதே, அது போதாதா? (உதகை வாசகர்)

பதில்: அது தேவையான தடை. 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகள் தடை செய்யப்பட்டன. நீலகிரியில் அதே ஆண்டு குடிநீர் பாட்டில்களுக்கும் தடை வந்து, குடிநீர் ஏடிஎம்கள் வைக்கப்பட்டன. அவை மலையில் உருவாகும் குப்பையைக் குறைக்கும். காற்றோடு வரும் இழையை எந்தச் சோதனைச்சாவடியும் நிறுத்தாது. அது கிளம்பும் இடம் கீழே இருக்கிறது: உரசித் தேயும் டயர், செயற்கை இழைத் துணி. அக்ரிலிக் துணி 6 கிலோவை ஒரு முறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று 2016-இல் பிரிட்டனில் கணக்கிட்டார்கள். புதிதாக விற்கும் துவைக்கும் இயந்திரங்களில் இழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020-இல் சட்டம் இயற்றி, அதற்கு 2025-ஐக் கெடுவாக வைத்தது. நம் ஊரில் அப்படியொரு விதி வரும்வரை, பாலியெஸ்டர் துணியைத் தேவைக்கு மீறித் துவைக்காமல் இருப்பதும், இயந்திரத்தின் வடிகட்டியில் திரளும் பஞ்சைச் சாக்கடையில் கழுவாமல் குப்பைக்கூடையில் போடுவதும் நம் கையில் உள்ளவை.

கேள்வி: பள்ளித் தொட்டியில் வளர்க்கும் தலைப்பிரட்டையின் கழிவை நுண்ணோக்கியில் பார்த்தபோது நீல நிற நூல் ஒன்று தெரிந்தது. மாணவர்கள் பிளாஸ்டிக் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? (கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: நீலம் என்பதாலேயே பிளாஸ்டிக் ஆகிவிடாது; ஜீன்ஸ் துணியின் நீல நூல் பருத்திதான். நுண்ணோக்கியில் பருத்தி இழை தட்டையாக, முறுக்கிய நாடாவைப் போலத் தெரியும். பாலியெஸ்டரும் நைலானும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனில், வழவழப்பான கம்பியைப் போலிருக்கும். அடுத்து, ஊசியின் நுனியைக் காய்ச்சி நீங்களே இழையின் அருகே கொண்டு போங்கள். மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். பிளாஸ்டிக்காக இருந்தால் இழை சுருளும் அல்லது உருகும், பருத்தி கருகும். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்ல அகச்சிவப்பு நிறமாலைக் கருவி தேவை; அது பல்கலைக்கழக ஆய்வகங்களில் கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, ஆய்வகங்களும் அதைத் தவறாமல் செய்கின்றன. ஓர் ஈரமான வடிதாளைத் தட்டில் விரித்து, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பிறகு அதையும் அதே நுண்ணோக்கியில் பாருங்கள். அதிலும் நீல நூல் இருந்தால், அது தலைப்பிரட்டையின் குடலிலிருந்து வந்ததா, வகுப்பறைக் காற்றிலிருந்து கழிவின் மேல் விழுந்ததா என்று சொல்ல முடியாது. அப்படியானால் பருத்திச் சட்டை அணிந்துகொண்டு, தொட்டியைக் கண்ணாடியால் மூடி, புதிய கழிவை எடுத்து மறுபடி தொடங்குங்கள். முடிந்ததும் தலைப்பிரட்டைகளை எடுத்த குளத்திலேயே விடுங்கள், வேறு குளத்தில் விட வேண்டாம். கைட்ரிட் பூஞ்சை ஈரக் காலணியிலும் வலையிலும்கூடப் பயணம் செய்யும் என்பதால், அவற்றை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த நீர்நிலைக்குப் போங்கள்.